செல்லாது என்று சொல்லப்பட்டது

அந்த வரியோடு ஆலிமா கிதாபை மூடியதற்குக் காரணம் திண்டிவனம் பஸ். வேறு ஒரு காரணமும் இல்லை. அன்றைக்கு அந்த பஸ் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் நான் ஒரு வாரம் அழாமல் இருந்திருப்பேன். இப்போது இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது. அல்ஹம்துலில்லாஹ்.

மரக்காணத்தில் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் ஒரு மாடி அறையில் எங்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் பாடம். பெண்கள் மட்டும். பாடம் அகீதா, அதாவது எதை நம்புகிறோம், ஏன் நம்புகிறோம் என்கிற அடிப்படை. நடத்துகிற ஆலிமா, அரபி மதரஸாவில் ஓதிப் பட்டம் வாங்கியவர், என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பெண். கல்யாணமாகித் திண்டிவனம் போய், இப்போது வாரம் ஒருமுறை எங்களுக்காக வருகிறார். வகுப்பில் நான் அவரை "ஆலிமா" என்று கூப்பிடுவேன், அவர் என்னை "டீச்சர்" என்று கூப்பிடுவார். யார் யாருக்கு டீச்சர் என்று புது ஆட்களுக்குக் குழப்பமாகிவிடும்.

நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பொருள் தெரியாமல் செய்யுளை ஒப்பிக்கிற பிள்ளைகளை நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன். ஆனால் அல்லாஹ்வின் இருபது சிஃபத்துகளை, அவனுடைய தன்மைகளை, சின்ன வயதில் நான் ஒப்பித்ததும் அதே லட்சணத்தில்தான். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகுதான் அது உறுத்தியது. போய்ச் சேர்ந்தேன்.

சேர்ந்த பிறகு எனக்கு ஒரே கொண்டாட்டம். கிதாபு மெலிசானது. பக்கத்தின் நடுவில் நாலைந்து வரி மூலம், சுற்றிலும் பொடி எழுத்தில் உரை, ஓரத்தில் அந்த உரைக்கு இன்னொரு உரை. "இது என்ன சொல், ஏன் இந்தச் சொல், வேறு சொல் போட்டால் என்ன கெட்டுப்போகும்" என்று வரிக்கு வரி கேட்கிறார்கள். நம்முடைய பழைய உரையாசிரியர்கள் பண்ணுகிற அதே வேலை. பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தது போல இருந்தது. மற்ற பெண்கள் கொட்டாவி விடும்போது நான் மட்டும் பென்சிலோடு குனிந்து கிடப்பேன். அலட்டல் என்று அவர்கள் பேசிக்கொண்டதும் எனக்குத் தெரியும். பேசட்டும்.

அந்தச் சனிக்கிழமை பாடம் முடிகிற நேரம். கடைசி வரியை என்னைப் படிக்கச் சொன்னார். அது முகல்லிதைப் பற்றியது. தானாக யோசித்து ஆதாரம் தேடாமல், இன்னொருவர் சொன்னதைக் கேட்டு நம்புகிறவருக்கு முகல்லித் என்று பேர். ஈமான் என்றால் அந்த நம்பிக்கை. நான் வாசித்து, தமிழில் சொல்லி, ஓரத்தில் எழுதியும் வைத்தேன்: "முகல்லிதின் ஈமான் செல்லாது என்று சொல்லப்பட்டது."

"சூப்பர் டீச்சர், வார்த்தைக்கு வார்த்தை கரெக்டா இருக்குது. விளக்கம் அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று சொல்லி ஆலிமா பர்தாவைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிவிட்டார். கீழே பஸ் ஹாரன் கேட்டது.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த முகல்லித் ஒருவர் இருந்தார். என் வீட்டுக்காரர்.

அவர் இருபது வருஷத்துக்கு மேல் துபாயில் வேலை பார்த்துவிட்டு வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டவர். சாக்கு, கயிறு, தார்ப்பாய். மழை வருகிற மாதிரி வானம் கறுத்தால் உப்பளக்காரர்கள் எல்லாம் உப்புக் குவியலை மூட ஓடிவந்து அவர் கடையில்தான் நிற்பார்கள். நல்ல மனுஷர். ஐந்து வேளையும் தொழுவார், யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டார். ஆனால் எதையும் தோண்டித் துருவுகிற பழக்கம் கிடையாது. நான் பாடத்துக்குப் போக ஆரம்பித்த புதிதில், கற்ற ஜோரில் அவரிடம் கேட்டேன்: "என்னங்க, அல்லாஹ் இருக்கான்னு நீங்க எதை வெச்சு நம்புறீங்க?"

"எங்க அத்தா சொன்னாங்க."

"அவ்ளோதானா?"

"எங்க அத்தா பொய் சொல்லமாட்டாங்க" என்று காலஞ்சென்ற தன் தகப்பனாரைப் பற்றிச் சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அப்போது நான் சிரித்தேன். இப்போது அந்தப் பதில் முழுசாகத் திரும்பி வந்தது. அத்தா சொன்னார், நான் நம்பினேன். முகல்லிதுக்கு உதாரணம் எழுதச் சொன்னால் இதைவிடச் சரியாக எழுத முடியாது. எழுதியிருந்தால் நானே முழு மார்க் போட்டிருப்பேன்.

சாதாரண நாளாக இருந்தால் விட்டிருப்பேன். அது சாதாரண வாரமில்லை. வருகிற வியாழக்கிழமை பாண்டியில் அவருக்குப் பைபாஸ். ஆஞ்சியோ பார்த்த டாக்டர் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஆபரேஷன் பயம் எனக்கு ஏற்கெனவே இருந்தது. அதோடு இதுவும் சேர்ந்துகொண்டது. மௌத்து, சாவு, யாருக்கும் வரும், எனக்கும் வரும், அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் இந்த மனுஷர் ஆயுசெல்லாம் தொழுத தொழுகை, பிடித்த நோன்பு, எல்லாம் செல்லாத நோட்டுக் கட்டாக அங்கே போய் நின்றால்? கவுண்டரில் வாங்கமாட்டோம் என்று சொல்லிவிட்டால்?

ஆலிமாவுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே என்று யாரும் கேட்பார்கள். என் மகளும் பிறகு கேட்டாள். பண்ணவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். பதில் "ஆமா டீச்சர்" என்று வந்துவிட்டால் அப்புறம் நான் எங்கே போவேன்? அதைவிட என் வீட்டுக்காரருக்கே அல்லாஹ் இருப்பதற்கான ஆதாரத்தைக் கற்றுக்கொடுத்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். எத்தனையோ மண்டைகளில் யாப்பிலக்கணத்தை ஏற்றிய எனக்கு இது ஒரு வேலையா?

ஆதாரம் சிக்கலானது இல்லை. உலகம் மாறிக்கொண்டே இருக்கிறது. மாறுகிற எதற்கும் ஒரு தொடக்கம் உண்டு. தொடங்கியது தானாகத் தொடங்காது, தொடங்கிவைத்த ஒருவன் வேண்டும். மூன்றே வாக்கியம். ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்தா வைக்கும்போது ஆரம்பித்தேன்.

"என்னங்க, இந்த உலகம் மாறிக்கிட்டே இருக்குது, கவனிச்சீங்களா?"

"விலைவாசியச் சொல்றியா?"

திங்கட்கிழமை கடைக்கே போனேன். தார்ப்பாய் மடித்துக்கொண்டிருந்தவரிடம், இந்தத் தார்ப்பாய் தானாக வந்ததா, ஒருத்தர் நெய்து, ஒருத்தர் பூச்சுப் பூசி, ஒருத்தர் அனுப்பித்தானே வந்தது என்றேன். அவர் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பில்லு இருக்குதும்மா. திருட்டுச் சரக்கெல்லாம் நான் வாங்கறதில்ல" என்றார். பக்கத்தில் கயிறு வாங்கிக்கொண்டிருந்த உப்பளக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் கோபமாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவருக்கு என்ன புரிந்தது என்றால், ஆபரேஷனை நினைத்து நான் பயந்து என்னென்னவோ உளறுகிறேன் என்பது. பாவம், என்னைத் தேற்ற ஆரம்பித்தார். "டீச்சரம்மா, இப்பல்லாம் பைபாஸ் சாதாரணம். பல்லு புடுங்குற மாதிரி. நீ வேணா பாரு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. என் கவலை நெஞ்சுக்குள் இருக்கிற ரத்தக்குழாயைப் பற்றி மட்டும் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆபரேஷனுக்குப் போகிற மனுஷரிடம் உங்கள் ஈமானில் எனக்குச் சந்தேகம் என்று எந்தப் பெண்டாட்டியாவது சொல்வாளா?

புதன்கிழமை அட்மிஷன். காரில் ஈசிஆரில் போனோம். ஓட்டியது என் கொழுந்தனார். இரண்டு பக்கமும் உப்பளம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. கூனிமேடு தாண்டுவதற்குள் விஷயத்தை முடித்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு கணக்கு. நேராகவே கேட்டேன்.

"எனக்காக ஒண்ணு சொல்லுங்க. உலகம் மாறுது. மாறுறதுக்கெல்லாம் தொடக்கம் இருக்குது. தொடங்குனதுக்குத் தொடங்கி வெச்ச ஒருத்தன் வேணும். சொல்லுங்க."

அவர் முன்பெஞ்சுப் பிள்ளை மாதிரி சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் தடுக்கியது, எடுத்துக்கொடுத்தேன். முழுசாகச் சொல்லி முடித்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று, "ஒத்துக்குறீங்களா?" என்று கேட்டேன்.

"ஒத்துக்காம? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அத்தா சொன்னதைக் கேட்டு நம்பியவர், இப்போது நான் சொன்னதைக் கேட்டு ஆதாரத்தையும் நம்பிவிட்டார். ஆதாரத்திலேயே தக்லீது, அதாவது கேட்டு நம்புகிற வேலை, பண்ணுகிற மனுஷரை நான் அதுவரை எந்த உரையிலும் படித்ததில்லை. கொழுந்தனார் கண்ணாடியில் பார்த்து, "என்ன அண்ணி, அண்ணனுக்கு ஓதிப் பார்க்குறீங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

வியாழக்கிழமை காலை அவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். பச்சைத் துணி போர்த்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை என்கிற கலிமாவைச் சொல்லிக்கொண்டே போனார். உதடு அசைவது தெரிந்தது. தியேட்டர் கதவு மூடியது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், அதில் ஒரு அழுக்கும் இல்லை. கொழுந்தனார் டீ வாங்கப் போயிருந்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வராந்தாவில் ஓரமாகப் போய் ஆலிமாவுக்குப் போன் போட்டேன்.

சலாம் சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். ஆலிமா பதறிப்போனார். "டீச்சர், அங்கிளுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"ஆபரேஷன் நடக்குதும்மா. அதுக்கில்ல. முகல்லிதோட ஈமான் செல்லாதுன்னு படிச்சமே, அவரு முகல்லித்துதான். அவங்க அத்தா சொன்னதாலதான் நம்புறாரு. எனக்குத் தெரியும், நான் கேட்டிருக்கேன். ஏதாவது ஆயிட்டா அவரு கதி என்ன?"

 

"டீச்சர், செல்லாதுன்னு யாரு சொன்னது?"

"கிதாபுலதான் இருக்குதே. சொல்லப்பட்டதுன்னு."

"அரபில என்ன வார்த்தை?"

"கீல."

"டீச்சர்..." என்று இழுத்தவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "தப்பு என்னுது. அதைச் சொல்லாம நான் பஸ்ஸுக்கு ஓடியிருக்கக் கூடாது. ஒரு கருத்து பலமா இருந்தா இன்னார் சொன்னாங்கன்னு பேரைச் சொல்லி எழுதுவாங்க. பலம் இல்லாத கருத்தா இருந்தா, பேரே போடாம கீலன்னு போடுவாங்க. அது கிதாபுக்காரங்க வழக்கம். அதை நாங்க ஏத்துக்கலன்னு அர்த்தம். அது 'சொல்லப்பட்டது' இல்ல டீச்சர். நம்ம பேச்சுல சொல்லணும்னா, 'சொன்னாங்களாம்'."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

சொன்னாங்களாம். ஒரு "ஆம்". அவன் ஓடிட்டானாம், அவ அழுதாளாம், கடையை மூடப்போறாங்களாம். யார் சொன்னது என்று கேட்டால் ஒருத்தரும் பொறுப்பேற்கமாட்டார்கள். ஆயுசெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்த "ஆம்" ஞாபகத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்றும் உடனே தெரிந்தது. நான் அரசாங்க உத்தியோகம் பார்த்தவள். எங்களுக்கு ஆணை வருவதெல்லாம் செயப்பாட்டுவினையில்தான். உத்தரவிடப்படுகிறது, அறிவுறுத்தப்படுகிறது, தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும். எழுதியவர் யார் என்றே தெரியாது, ஆனால் ஹெட்மாஸ்டர் வரைக்கும் நடுங்குவார்கள். பேர் இல்லாமல் வருகிற வாக்கியம்தான் ரொம்பப் பெரிய இடத்திலிருந்து வருகிறது என்று என் ரத்தத்தில் ஊறிக்கிடந்தது.

"எட்டாவதுல நீங்கதானே டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க, செஞ்சவன் யாருன்னு தெரியாதப்பதான் செயப்பாட்டுவினைன்னு" என்றார் ஆலிமா. அவரை அந்த நிமிஷம் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன். நடுவில் திண்டிவனம் வரைக்கும் தூரம் இருந்ததால் தப்பித்தார்.

"அப்போ பலமான கருத்து என்னம்மா?"

"செல்லும். தாராளமா செல்லும். யோசிக்கத் திராணி இருந்தும் யோசிக்காம விட்டா அது ஒரு குறைன்னு சொல்லுவாங்க, அவ்வளவுதான். ஒண்ணே ஒண்ணு பார்ப்பாங்க, அந்த நம்பிக்கை உறுதியா இருக்குதான்னு. அதாவது, அவருக்குச் சொல்லிக் குடுத்தவரே ஒருநாள் வந்து இல்லன்னு சொன்னாலும் இவரு அசையாம இருக்கணும். அது இருந்தா போதும். நீங்க துஆ செய்யுங்க டீச்சர், நானும் செய்யுறேன்."

போனை வைத்தேன். ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது. தியேட்டர் கதவு இன்னும் மூடித்தான் இருந்தது, உள்ளே அவர் நெஞ்சு திறந்துதான் கிடந்தது. இருந்தாலும் நான் பயப்படவில்லை என்றே சொல்வேன். பயம் இருந்தது, ஆனால் அது எல்லாப் பெண்டாட்டிகளுக்கும் வருகிற பயம். அதை வைத்துக்கொண்டு துஆ செய்ய முடிந்தது. கொழுந்தனார் கொண்டுவந்த டீயை முழுசாகக் குடித்தேன். இன்னொன்று வாங்கிவரச் சொன்னேன்.

மத்தியானத்துக்கு மேல் டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்றார். அவர் பேரைச் சட்டையிலேயே குத்தியிருந்தார். சொன்னவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு எங்களுக்குள் சண்டை உப்பைப் பற்றித்தான். உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். சுற்றிலும் குவியல் குவியலாக உப்பு கிடக்கிற ஊரில் உப்பில்லாத கஞ்சியா என்று அவருக்கு ஆத்திரம். ஒருநாள் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, "ஒரு சிட்டிகை போட்டா ஒண்ணும் ஆகாதாம்" என்றார்.

"யாரு சொன்னாங்க?"

"சொல்லிக்கிறாங்க."

"அது கீல" என்றேன். "செல்லாது. பேசாம குடிங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவைக்க வேண்டியதாயிற்று. பாடம், அந்த வரி, பஸ், நான் அழுத கதை எல்லாவற்றையும் சொன்னேன். தார்ப்பாய் விஷயம் இப்போதுதான் அவருக்கு விளங்கியது. தையல் பிரிந்துவிடும், சிரிக்காதீர்கள் என்று நான் கெஞ்ச, அவர் தலையணையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

சிரித்து ஓய்ந்த பிறகு, ஆலிமா சொன்ன அந்த ஒன்று மட்டும் என் மனதில் பாக்கியிருந்தது. கேட்காமல் விட்டிருக்கலாம். என் சுபாவம் அப்படி, கேட்டுவிட்டேன்.

"என்னங்க, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். உங்க அத்தாவே இப்ப எழுந்து வந்து, டேய், நான் சொன்னது தப்பு, அல்லாஹ்வும் இல்ல ஒண்ணும் இல்லன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. கிண்ணத்தை எடுத்து மிச்சத்தையும் குடித்து முடித்து, உப்பில்லாததற்கு முகத்தைச் சுளித்தார்.

"அத்தாவுக்கு உடம்பு சரியில்ல போலன்னு நினைப்பேன். பக்கத்துல உக்காந்து, அவரு எனக்குச் சொல்லிக் குடுத்த கலிமாவை அவருக்கு மெதுவா சொல்லிக் குடுப்பேன். வேற என்ன பண்ணுவாங்க?"

 காலிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, ஆசைதீர அழுதேன்.